எந்த அறைக்கு எந்த ஜன்னல்?



லயத்தை விட்டுத் தனி வீட்டுக்குப் போகிறவர்கள், 7 பேர்ச் காணியில் சொந்தமாகச் சுவர் எழுப்புகிறவர்கள், இருக்கிற காம்பராவோடு ஒரு குசினியை இறக்குகிறவர்கள் என்று நமது தோட்டங்களில் ஏதாவது ஒரு கட்டட வேலை நடந்துகொண்டே இருக்கிறது. நாம் பார்க்கப் போகும் நேரங்களில் அத்திவாரம் எத்தனை அடி போடலாம், கூரைக்கு எந்தத் தகடு நல்லது, தரைக்கு டைல்ஸ் பதிக்கலாமா என்றெல்லாம் கேட்கிறார்கள். ஜன்னலைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. "எல்லாருக்கும் போடுற மாதிரி போட்டுடுங்க பாஸ்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். அல்லது டவுனில் யாரோ ஒருவர் வீட்டில் பார்த்தது அழகாக இருந்தது என்று அதையே எல்லா அறைக்கும் போட்டுவிடுகிறார்கள்.

குடிபுகுந்து ஒரு மழைக்காலம் போனால் சங்கதி தெரியவரும். ஒரு ஜன்னலில் சாரல் அடிக்கிறது. இன்னொன்றில் குளிர் தாங்க முடியவில்லை. மற்றொன்று ரோட்டுப் பக்கம், கள்ளன் பயம். கடைசியில் எல்லாவற்றையும் மூடிவிடுகிறார்கள். சில வீடுகளில் மேலே பொலித்தீன் போட்டு ஆணியும் அடித்துவிடுகிறார்கள். ஜன்னலுக்குக் கொடுத்த காசு போனதுதான் மிச்சம். மூடியே கிடக்கிற ஜன்னலும் சுவரும் ஒன்றுதானே.

ஆகவே இந்தக் கட்டுரையில் நாம் சொல்ல வருவது ஒன்றுதான். மழையிலும் குளிரிலும் இரவிலும் எந்த ஜன்னலை நீங்கள் பயமில்லாமல் கொஞ்சமாவது திறந்து வைப்பீர்களோ, அதுவே அந்த அறைக்குச் சரியான ஜன்னல். அழகும் விலையும் அதற்குப் பிறகு பார்க்க வேண்டியவை.

காற்று வராத வீட்டில் என்ன நடக்கிறது?

முதலாவது புகை. நமது வீடுகளில் பெரும்பாலும் விறகு அடுப்புத்தான். விறகுப் புகை கண்ணை எரிக்கிறதோடு நின்றுவிடுவதில்லை. அதிலுள்ள மிக நுண்ணிய தூசு நெஞ்சுக்குள் போய்த் தங்குகிறது. சின்னப் பிள்ளைகளுக்கு நியூமோனியாக் காய்ச்சல் வருவதற்கும், வருஷக்கணக்கில் அடுப்படியில் நிற்கும் பெண்களுக்கு நாட்பட்ட இருமலும் மூச்சிழுப்பும் வருவதற்கும் இந்தப் புகை ஒரு பெரிய காரணம். வீட்டுக்குள் எரியும் அடுப்புப் புகையால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. காலையில் அடுப்பு மூட்டும்போது அம்மாவின் இடுப்பில் இருக்கிற பிள்ளையும் அதே புகையைத்தான் சுவாசிக்கிறது.

இரண்டாவது காசநோய். இந்தக் கிருமி இருமலோடு காற்றில் கலந்து, காற்றோட்டம் இல்லாத அறையில் மணிக்கணக்காக மிதக்கும். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் ஆறு பேர் படுத்து, கதவும் ஜன்னலும் மூடியிருந்தால், ஒருவருடைய இருமல் மற்ற ஐந்து பேருக்கும் பங்கு வைக்கப்படுகிறது. வெளிக்காற்று வந்து போனால் கிருமி சிதறிக் குறையும். நேர் வெயில் பட்டால் அது பிழைக்காது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருக்கிறவர்கள் சளிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அதற்கு ஜன்னல் மருந்தாகாது. ஆனால் வீட்டில் மற்றவர்களுக்குப் பரவாமல் காப்பதில் அதற்கு நல்ல பங்கு உண்டு.

மூன்றாவது ஈரம். சமைக்கும் ஆவி, நம் மூச்சு, மழைநாளில் உள்ளே கொடியில் போடும் ஈரத்துணி எல்லாம் சேர்ந்து குளிர்ந்த சுவரில் தண்ணீராகப் படிகிறது. அதிலே கறுப்புப் பூஞ்சணம் பிடிக்கிறது. சுவர்ப்பக்கம் படுக்கிற பிள்ளைக்கு ஆஸ்துமா இருந்தால் அது கூடிவிடுகிறது.

நான்காவது கரி அடுப்பு. குளிருக்காக எரிகிற கரியை அறைக்குள் கொண்டு வந்து வைத்து, எல்லாவற்றையும் மூடிக்கொண்டு படுப்பது உயிருக்கே ஆபத்து. கரியிலிருந்து வரும் கார்பன் மொனொக்சைட்டு என்னும் வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். இதைத் தயவுசெய்து யாரும் செய்ய வேண்டாம்.

பழைய லயங்களில் ஜன்னல் ஏன் இப்படி?

லயங்கள் முதன்முதலில் கோப்பிக் காலத்திலும் பிறகு தேயிலைக் காலத்திலும் குறைந்த செலவில் நிறையப் பேரைத் தங்கவைக்கக் கட்டப்பட்டவை. முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயத்தில் ஒரு காம்பராவுக்கு வெளிச்சுவர் ஒன்றுதான் உண்டு. அதிலே கதவும் வரவேண்டும், ஜன்னலும் வரவேண்டும். பின்சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம். உள்ளே வந்த காற்று வெளியே போக வழி கிடையாது. ஆகவே அந்த ஜன்னலைப் பார்த்துப் பழகிய கண்ணோடு புது வீட்டுக்கு அளவு சொன்னால், புது வீட்டிலும் பழைய காம்பராவையே கட்டிவிடுவோம். அளவைக் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும்.

எவ்வளவு பெரிய ஜன்னல் வேண்டும்?

கட்டட வேலை தெரிந்தவர்கள் வைக்கும் ஒரு எளிய கணக்கு உண்டு. அறையின் தரைப்பரப்பில் ஏழில் ஒரு பங்காவது ஜன்னல் இருக்க வேண்டும். அந்த ஜன்னலில் பாதியாவது திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

10 அடிக்கு 12 அடி அறை என்றால் தரை 120 சதுர அடி. அதில் ஏழில் ஒரு பங்கு ஏறக்குறைய 17 சதுர அடி. 4 அடி அகலம், 4 அடி உயரத்தில் ஒரு ஜன்னலும், அதற்கு மேலே ஒரு அடி உயரத்தில் பாஸ்மார் 'பேன்லைட்' என்று சொல்லும் சின்ன மேல் ஜன்னலும் போட்டால் 20 சதுர அடி வருகிறது. கணக்குச் சரி. பழைய காம்பராவில் 2 அடிக்கு 2 அடி பலகை ஜன்னல் ஒன்று மட்டும் இருந்தால் அது 4 சதுர அடி. தரையில் முப்பதில் ஒரு பங்கு. வித்தியாசத்தை நீங்களே பாருங்க.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். ஒரே சுவரில் பெரிய ஜன்னல் ஒன்றை வைப்பதைவிட, இரண்டு சுவர்களில் நடுத்தர ஜன்னல் இரண்டு வைப்பது நல்லது. ஒரு பக்கம் வருகிற காற்று மறுபக்கம் போனால்தான் அறைக்குள் காற்று நடமாடும்.

ஜன்னல் வகைகள்

1. பலகை ஜன்னல். நமக்கு நன்றாகத் தெரிந்த பழைய வகை. செலவு குறைவு, உடையாது, கள்ளனுக்குக் கஷ்டம். ஆனால் மூடினால் பகலிலும் இருட்டு. மழைநாளில் வெளிச்சம் வேண்டுமா, சாரல் வராமல் இருக்க வேண்டுமா என்று ஒன்றைத்தான் தெரிவு செய்ய முடியும். பிள்ளைகள் படிக்கிற அறைக்கு இது சரிவராது.

2. கதவு ஜன்னல். பக்கத்தில் பிணைச்சல் போட்டு, கதவு மாதிரி வெளியே திறக்கிற கண்ணாடி ஜன்னல். முழு வாசலும் திறக்கும் என்பதால் காற்று நன்றாக வரும். மூடினால் இறுக்கமாக மூடும், குளிரும் அடங்கும். குறை என்னவென்றால் காற்றடித்தால் அடித்துக்கொள்ளும், கண்ணாடி போய்விடும். ஒவ்வொரு கதவுக்கும் கொக்கி கட்டாயம் வேண்டும். மழையில் திறந்து வைப்பதும் கஷ்டம்.

3. மேல் பிணைச்சல் ஜன்னல். பிணைச்சல் மேலே இருக்கும், கீழ்ப்பக்கத்தை வெளியே தள்ளித் திறப்போம். திறந்த கண்ணாடியே ஒரு சின்னத் தாழ்வாரம் மாதிரி நின்று மழையைத் தடுக்கும். மழை பெய்துகொண்டிருக்கும்போதும் நாலு அங்குலம் திறந்து வைக்கலாம். கதவு ஜன்னல் அளவுக்குக் காற்று வராது. ஆனால் மூடியே கிடக்கிற பெரிய ஜன்னலைவிட எப்போதும் கொஞ்சம் திறந்திருக்கிற இது மேல். மழை கூடிய நம் மலைகளுக்கு இது நல்ல வகை.

4. தள்ளு ஜன்னல். அலுமினியத்தில் வருகிற, பக்கவாட்டில் தள்ளும் வகை. பார்க்க அழகு. காற்றில் அடித்துக்கொள்ளாது, வெளியே இடம் பிடிக்காது. ஆனால் ஒரு கண்ணாடி மற்றதன் பின்னால் போவதால் எப்போதும் பாதிதான் திறக்கும். 4 அடிக்கு 4 அடி போட்டால் 16 சதுர அடிக்குக் காசு கொடுத்து 8 சதுர அடிக் காற்று வாங்குகிறோம். ஆகவே இதைப் போடுகிறவர்கள் அளவைக் கூட்டிப் போட வேண்டும். கீழ்த் தண்டவாளத்தில் மழைத் தண்ணீர் போக ஓட்டை இருக்க வேண்டும். அந்த ஓட்டையை மண் அடைத்தால் தண்ணீர் வீட்டுக்குள்தான் வரும்.

5. லூவர் ஜன்னல். கண்ணாடித் துண்டுகளை வரிசையாகச் சாய்த்து அடுக்கிய வகை. திறந்தால் ஏறக்குறைய முழு வாசலுக்கும் காற்று வரும். துண்டுகளை வெளிப்பக்கம் சரித்து வைத்தால் சிறு தூறல் உள்ளே வராது. ஒரு துண்டு உடைந்தால் அதை மட்டும் மாற்றலாம். ஆனால் மூடினாலும் இடுக்குகளால் காற்று வந்துகொண்டே இருக்கும். துண்டுகளை வெளியிலிருந்து உருவி எடுக்கவும் முடியும். ஆகவே உள்ளே கம்பி வேண்டும். குளிர் மலையில் படுக்கும் அறைக்கு இது வேண்டாம். குளியலறைக்கும், சூடான இடங்களில் குசினிக்கும் நல்லது.

6. திறக்காத கண்ணாடி. வெளிச்சத்துக்கு மட்டும். ஒரு அறையில் வேறு திறக்கிற ஜன்னல் இருந்தால் மட்டுமே இதை யோசிக்கலாம்.

7. துளை விட்ட சீமெந்துக் கல். சுவரின் மேல் வரியில் பதிப்பது. இதை ஜன்னலாக யாரும் எண்ணுவதில்லை. ஆனால் மறந்து போய் மூடிவிட முடியாத ஒரே காற்று வழி இதுதான். செலவும் குறைவு.

மழை எந்தப் பக்கம் இருந்து வருகிறது?

வகையைத் தெரிவு செய்ய முன் உங்கள் மலையைப் பாருங்கள். அட்டன், நோர்வூட், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கத்துக்கு மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மழையைக் கொண்டுவருகிறது. பதுளை, பசறை, மடுல்சீமைப் பக்கத்தில் டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வடகிழக்குப் பருவ மழை பலமாக இருக்கும். அப்புத்தளை, பண்டாரவளைப் பக்கத்தில் ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் மழையைவிடக் காய்ந்த காற்றுத்தான் பெருந்தொல்லை. ஆகவே ஒரு மாவட்டத்தில் நல்லதென்று கண்ட ஜன்னலை இன்னொரு மாவட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டு போடக்கூடாது. உங்கள் டிவிஷனில் வயதானவர்களைக் கேளுங்கள். சாரல் எந்தச் சுவரை நனைக்கும் என்று அவர்கள் கைகாட்டிச் சொல்வார்கள்.

சாரல் அடிக்கிற சுவரில் மேல் பிணைச்சல் ஜன்னல், சாரல் படாத சுவரில் கதவு ஜன்னல் என்று வைப்பது நல்ல ஏற்பாடு. சாரல் சுவரில் கதவு ஜன்னல்தான் போட வேண்டும் என்றால், மழை எந்தப் பக்கமிருந்து சாய்ந்து வருகிறதோ அந்தப் பக்கத்தில் பிணைச்சலைப் போடச் சொல்லுங்கள். திறந்த கதவே மறைப்பாக நிற்கும். மறுபக்கம் பிணைச்சல் போட்டால் அதே கதவு மழையை ஏந்தி வீட்டுக்குள் தள்ளும். பிணைச்சலைப் பக்கம் மாற்றுவதற்கு ஒரு சதமும் மேலதிகச் செலவில்லை. முன்கூட்டியே சொல்லிவிட்டால் போதும்.

கூரைத் தகடு சுவரைத் தாண்டி 2 அடியாவது வெளியே நிற்க வேண்டும். முடியாவிட்டால் ஜன்னலுக்கு மேலே மட்டும் சிறு தகர மறைப்புப் போடலாம். ஜன்னலின் கீழ்த் திண்டு வெளிப்பக்கம் சரிவாக இருக்க வேண்டும்.

வெயிலையும் பாருங்கள். நமது மலைகளில் பெரும்பாலும் காலையில் வெயில் இருக்கும், பகல் திரும்பினால் முகில் மூடி மழை வரும். ஆகவே படுக்கும் அறைக்குக் கிழக்கு ஜன்னல் கிடைத்தால் விடாதீர்கள். நீங்கள் மலைக்குப் போன பிறகு பாய்க்கும் போர்வைக்கும் வெயில் படும்.

குளிரும் இடத்துக்கு இடம் மாறும். நுவரெலியாவில் ஆண்டுச் சராசரி வெப்பநிலை சுமார் 16 பாகை. இரத்தினபுரியில் அது சுமார் 27 பாகை. நுவரெலியாப் பக்கத்தில் இறுக்கமாக மூடுகிற ஜன்னலும் மேலே சிறு காற்று வழியும் வேண்டும். இரத்தினபுரி, கேகாலை, தெனியாய போன்ற இடங்களில் பெரிய திறப்பும், நுளம்பு வராமல் வலையும் வேண்டும். டெங்கு நுளம்பு பகலில்தான் கடிக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

அறைக்கு அறை

குசினி: புகை சூடானது, மேலேதான் போகும். இடுப்பு உயரத்தில் எவ்வளவு பெரிய ஜன்னல் வைத்தாலும் கூரைக்குக் கீழே நிற்கிற புகை முழுவதும் அதனால் போகாது. ஆகவே குசினிக்கு முதலில் வேண்டியது சுவரின் உச்சியில் துளைக் கற்கள் அல்லது கூரைக்கு மேலே ஏறுகிற புகைபோக்கி. அதன் பிறகு வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் ஒரு ஜன்னல். அடுப்பின் பின்னால், காற்று நேராக அடிக்கிற பக்கத்தில் அந்த ஜன்னலை வைக்காதீர்கள். காற்று புகையைத் திருப்பி வீட்டுக்குள் அனுப்பிவிடும். பக்கச் சுவரில் வையுங்கள். காஸ் அடுப்பு இருந்தால் இன்னொரு விஷயம். சமையல் காஸ் காற்றைவிடப் பாரம், கசிந்தால் தரையோடு தங்கும். 2021 இறுதியில் நாட்டின் பல இடங்களில் நடந்த காஸ் வெடிப்புகள் நினைவிருக்கும். காஸ் வைக்கிற குசினியில் தரையை ஒட்டியும் ஒரு துளைக் கல் வேண்டும்.

படுக்கும் அறை: இரவில் ஆறேழு மணித்தியாலம் மூடிக் கிடக்கிற இடம் இது. கதவு ஜன்னலோடு மேலே ஒரு பேன்லைட் வைத்தால் நல்லது. கீழ் ஜன்னலை மூடிவிட்டு, மேலே உள்ளதை மட்டும் கொஞ்சம் திறந்து வைக்கலாம். குளிர் நேரே படுக்கிறவர் மேல் அடிக்காது, கள்ளனுக்கும் எட்டாது.

முன் அறை: பிள்ளைகள் பாடம் படிக்கிற இடமும் இதுதான் என்றால் வெளிச்சத்தைப் பாருங்கள். மேசைக்கு இடப்பக்கத்தில் ஜன்னல் வந்தால், வலக்கையால் எழுதுகிற பிள்ளைக்குக் கையின் நிழல் எழுத்தில் விழாது. அலுமினியத் தள்ளு ஜன்னலில் ஆசை இருந்தால் இந்த அறைக்குப் போடலாம்.

குளியலறை, மலசலகூடம்: உயரத்தில் சிறு லூவர் போதும்.

இந்திய உதவியோடு கட்டிய 550 சதுர அடி வீடுகள் போன்ற திட்ட வீடுகளில் ஜன்னல்கள் ஏற்கெனவே போட்டுத்தான் தருவார்கள். அங்கே இருக்கிறவர்கள் பின்னால் குசினி இறக்கும்போது கவனமாக இருங்கள். இறக்குகிற குசினி பெரும்பாலும் ஒரு அறை ஜன்னலை மறைத்துவிடுகிறது. பிறகு அந்த அறைக்கு வருவது குசினிப் புகைதான்.

லயக் காம்பராவில் இருக்கிறவர்கள் என்ன செய்யலாம்?

லயம் தோட்டத்துக்குச் சொந்தமானது. சுவரை உடைக்க நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். அனுமதிக்காக மட்டும் சொல்லவில்லை. பழைய கல் சுவரும் மண் சுவரும் கூரையின் பாரத்தைத் தாங்கி நிற்கின்றன. மேலே லின்டல் போடாமல் ஒரு வாசலை வெட்டினால் உங்கள் காம்பராவோடு பக்கத்துக் காம்பராவும் ஆபத்துக்குள்ளாகும். லின்டல் இரண்டு பக்கமும் ஒவ்வொரு 9 அங்குலமாவது சுவரில் உட்கார வேண்டும்.

இரட்டை லயத்தில் பின்சுவரைத் தொட முடியாது. அங்கே ஒரே வெளிச்சுவரில் கீழே ஒன்று, கூரையை ஒட்டி மேலே ஒன்று என்று இரண்டு திறப்பு வைக்கலாம். கீழே குளிர்ந்த காற்று வரும், மேலே சூடான காற்றும் புகையும் போகும். கூரையில் ஒரு தகட்டை மாற்றி ஒளி ஊடுருவும் தகடு போட்டால் இருட்டுக் குறையும். அடுப்பை இஸ்தோப்புப் பக்கத்துக்கோ வெளியேயோ நகர்த்த முடிந்தால் எல்லாவற்றிலும் அதுவே பெரிய உதவி.

கிறில் போடும்போது

கள்ளன் பயத்துக்குக் கம்பி போடுவது நியாயம்தான். ஆனால் லயங்களில் தீப்பிடித்த செய்திகளை நாம் அடிக்கடி கேள்விப்படுகிறோம். ஒரு காம்பராவில் பிடித்தால் வரிசையாகப் பரவுகிறது. அப்படி நேரத்தில் கதவுப் பக்கம் நெருப்பு நின்றால், எல்லா ஜன்னலிலும் அசையாத கம்பி இருந்தால், உள்ளே இருக்கிறவர்கள் எங்கே போவார்கள்?

ஆகவே ஒவ்வொரு படுக்கும் அறையிலும் ஒரு ஜன்னலின் கிறிலாவது உள்ளிருந்து திறக்கக்கூடியதாக இருக்கட்டும். பெரிய ஆள் ஒருவர் புகுந்து வெளியேற 2 அடி அகலமும் 2 அடி உயரமும் வேண்டும். பூட்டுப் போட்டால் திறப்பு எப்போதும் ஒரே ஆணியில், வெளியிலிருந்து கை எட்டாத, உள்ளே பிள்ளைக்கும் எட்டுகிற இடத்தில் தொங்க வேண்டும். வீட்டிலுள்ள பிள்ளைகளையும் ஆச்சி தாத்தாவையும் ஒரு நாள் இருட்டில் அதைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அந்த ஜன்னலுக்குக் குறுக்கே அலுமாரியை வைக்காதீர்கள்.

மரமா, அலுமினியமா, கொங்கிறீட்டா?

பலா மரம் நீண்ட காலம் நிற்கும், விலையும் அதிகம். பலாவை வெட்டவும் கொண்டு செல்லவும் அனுமதிப்பத்திரம் வேண்டும். மலையில் நிழலுக்கு நிற்கிற சவுக்கு மரம் மலிவு, ஆனால் மருந்து தடவாவிட்டால் ஈரத்திலும் பூச்சியிலும் சீக்கிரம் கெட்டுவிடும். தோட்டத்து மரத்தை நிர்வாகத்திடம் கேட்காமல் தொட வேண்டாம். எந்த மரமானாலும் நன்றாகக் காய்ந்ததாக இருக்க வேண்டும். பச்சை மரத்தில் செய்த ஜன்னல் காய்ந்ததும் முறுக்கிக்கொள்ளும், பிறகு மூடவும் முடியாது, திறக்கவும் முடியாது. பெயின்ட் அடிக்கும்போது கண்ணுக்குத் தெரியாத கீழ் விளிம்புக்கும் மேல் விளிம்புக்கும் அடியுங்கள். தண்ணீர் ஏறுவது அங்கேதான்.

கொங்கிறீட் நிலை உக்காது, கறையான் அரிக்காது, செலவும் குறைவு. அதிலே மரக்கதவு மாட்டலாம். அலுமினியமும் உக்காது. ஆனால் மெல்லிய வகையை வாங்கினால் சில்லும் பூட்டும் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

உடைத்த கட்டடங்களின் பழைய ஜன்னல்கள் டவுனில் மலிவாகக் கிடைக்கும். வாங்குவது தவறில்லை. அளவு நாடாவால் மூலைக்கு மூலை குறுக்கே இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால் ஜன்னல் நேர். வித்தியாசம் இருந்தால் கோணிப்போனது, விட்டுவிடுங்கள்.

கையில் காசு போதாதவர்களுக்கு ஒரு யோசனை. லின்டலையும் நிலையையும் முதலிலேயே சரியான பெரிய அளவில் வைத்துவிடுங்கள். கதவுக்கு இப்போதைக்குப் பலகை அடித்துக்கொள்ளலாம். கண்ணாடியைப் பிறகு ஒவ்வொன்றாக மாற்றலாம். சிறிய நிலையை வைத்துவிட்டுப் பிறகு சுவரை உடைத்துப் பெரிதாக்குவதுதான் இரட்டைச் செலவு.

பாஸிடம் கேட்க வேண்டியவை

சுவர் ஜன்னல் மட்டத்துக்கு வருவதற்கு முன்பே இவற்றைப் பேசி முடியுங்கள்:

- இந்த அறையின் தரை எத்தனை சதுர அடி? ஜன்னல் அதில் ஏழில் ஒரு பங்கு வருகிறதா? அதில் எவ்வளவு திறக்கும்?
- சாரல் எந்தச் சுவரில் அடிக்கும்? பிணைச்சல் எந்தப் பக்கம் வருகிறது?
- மழை பெய்யும் இரவில் எதைத் திறந்து வைக்கலாம்?
- குசினியில் மேலே புகை போக வழி எங்கே?
- எந்தக் கிறில் உள்ளிருந்து திறக்கும்?

இந்தக் கேள்விகளைக் கேட்க வீட்டுத் தலைவர் மட்டும் போதாது. அடுப்படியில் நிற்கிறவர் அம்மா. அவரையும் கூட்டிக்கொண்டு போய், அடுப்பு வருகிற இடத்தில் நிற்கவைத்துக் கேளுங்கள். எந்தப் பக்கம் வெளிச்சம் வேண்டும் என்று அவருக்குத்தான் தெரியும்.

கணக்குப் போடக் கஷ்டமாக இருந்தால் அறையின் நீள அகலத்தை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, வேலை முடிந்து வரும் வழியில் நலன்புரிக் காரியாலயத்துக்கு வாருங்கள். நாம் சேர்ந்து போட்டுப் பார்க்கலாம். அளவு நாடா இல்லாதவர்கள் நம்மிடம் இருக்கிறதை வாங்கிக்கொண்டு போய், அடுத்த நாள் திருப்பித் தந்தால் போதும்.